உடைந்த மரபணுவும் விசுவாசப் பிரமாணமும்

நாகர்கோவில்

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு,

அம்மா எழுதுவது. உன் மெயிலை அப்பாவும் நானும் படித்தோம். போனில் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் பேச்சு சாப்பாடு, குளிர், விசா என்று எங்கேயோ போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம், ஓய்வாக இருக்கும்போது படி.

வாரம் முழுவதும் ஆய்வகத்தில் பரிணாமத்தை உண்மை என்று வைத்து வேலை செய்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நின்று விசுவாசப் பிரமாணத்தில் "வானத்தையும் பூமியையும் படைத்த" என்று சொல்ல நாக்கு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். கொஞ்ச காலமாக அப்பமும் ரசமும் வாங்கித் திருவிருந்தும் எடுப்பதில்லை என்கிறாய். அப்பாவுக்கு அதைப் படித்ததும் கஷ்டமாகிவிட்டது. எனக்கும்தான். ஆனாலும் நீ எங்களிடம் ஒளிக்காமல் சொன்னதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டு மனதில் இன்னொன்றை வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

நீ கேட்டது நேரான கேள்வி, நானும் நேராகவே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியிருக்கிறேன். பரிணாமம் உண்மை என்று நினைக்கிறேன். இயேசு கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்றும் விசுவாசிக்கிறேன். இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்துக்கொண்டு வாழவில்லை. ஒன்றை நினைக்கும்போது இன்னொன்றும் கூடவே வருகிறது. அது எப்படி என்பதைத்தான் எழுதப் போகிறேன். உன் மெயிலில் ஐந்தாறு சிக்கல்களை ஒரே குவியலாகப் போட்டிருக்கிறாய். அவற்றில் சில எனக்குச் சிக்கலே இல்லை. ஒன்று ரொம்பப் பெரிய சிக்கல். அதைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய்.

முதலில் உன் வேலை. மரபணு வரிசைகளைப் பார்க்கிறவன் நீ, உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் வகுப்பில் எப்போதும் ஆசையாக நடத்திய இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் போனால் மேலே எழுத வராது. மரபணுக்களைச் சுமக்கிற குரோமோசோம்கள் மனிதனுக்கு 23 ஜோடி, சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் உராங்குட்டானுக்கும் 24. ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம்முடைய இரண்டாம் எண் குரோமோசோமில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. குரோமோசோமின் இரண்டு நுனிகளிலும் மட்டும் வர வேண்டிய 'டிடிஏஜிஜிஜி' என்ற எழுத்து வரிசை, அதற்கு நடுவிலும் வருகிறது. ஒரு இடம் வரை நேராக வந்து, அங்கிருந்து தலைகீழாகத் திரும்புகிறது. இரண்டு பழைய குரோமோசோம்கள் நுனியோடு நுனி சேர்ந்த தழும்பு அது. இதை 1991-ல் கண்டுபிடித்தார்கள். அதே குரோமோசோமில் செயலிழந்த இரண்டாவது சென்ட்ரோமியரின், அதாவது செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கிற இடத்தின், மிச்சமும் இருக்கிறது. கரும்பலகையில் இதை வரைந்து முடித்ததும் வகுப்பில் சத்தமே இருக்காது. பிறகு பின் வரிசையிலிருந்து யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், அப்போ ஆதாம்?" என்று கேட்கும். வருடம் தவறாமல் கேட்கும்.

இன்னொன்று வைட்டமின் சி. நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் அதைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு நெல்லிக்காயும் எலுமிச்சையும் கொய்யாவும் வேண்டும், இல்லாவிட்டால் ஈறு வீங்கி ஸ்கர்வி வந்துவிடும். அதைத் தயாரிக்க வேண்டிய மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, உடைந்து கிடக்கிறது. குரங்குகளுக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் அதே மரபணு அதேபோல உடைந்திருக்கிறது. தேவாங்கின் வகையில் உடையவில்லை, ஏனென்றால் அந்தக் கிளை அதற்கு முன்பே பிரிந்துவிட்டது. கினிப் பன்றிக்கும் அந்த மரபணு வேலை செய்யாது, ஆனால் அது உடைந்த விதம் வேறு. ஒரே எழுத்துப் பிழை இரண்டு பேருடைய விடைத்தாளில் ஒரே இடத்தில் வந்தால் டீச்சருக்கு என்ன புரியுமோ, அதுதான் இங்கேயும் புரிகிறது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன.

நீ கல்லூரியில் சேர்ந்த வருடம் ஒரு வாலிபர் முகாமுக்குப் போனாயே, அங்கே பேசியவர் இதற்கெல்லாம் ஒரு பதில் சொன்னார் என்று எழுதியிருக்கிறாய். தேவன் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படைத்து, அவை பழையவை போலத் தோன்றும்படியும் வைத்தார், அது நம் விசுவாசத்துக்கு வந்த சோதனை என்று. மக்கா, இந்தப் பதிலை நான் ஏற்கவே மாட்டேன், அதுவும் விசுவாசி என்பதற்காகவே ஏற்க மாட்டேன். வேதம் அவரைப் "பொய்யுரையாத தேவன்" என்கிறது. நடக்காத ஒரு வரலாற்றின் தழும்பை நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வரைந்து வைத்து, அதை நம்புகிறவனைத் தண்டிப்பவர் நான் ஜெபிக்கிற பிதா அல்ல.

இதை முதலில் சொன்னவள் நானும் இல்லை. 1857-ல் பிலிப் காஸ் என்ற கடல்வாழ் உயிரின ஆய்வாளர், நல்ல விசுவாசி, அந்த முகாமில் சொன்ன வாதத்தையே இங்கிலாந்தில் வைத்தார். ஆதாமுக்குத் தொப்புள் இருந்ததுபோலப் பாறைகளுக்குள் புதைபடிவங்களும் படைக்கப்பட்ட அன்றே இருந்தன என்றார். அவருடைய நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லி ஆங்கிலிக்கன் குருவானவர். தேவன் பாறைகளின் மேல் ஒரு மகா பெரிய, தேவையற்ற பொய்யை எழுதி வைத்திருக்கிறார் என்று என்னால் நம்ப முடியாது என்று அவர் காஸுக்கே எழுதினார். இரண்டு வருடம் கழித்து, 1859 நவம்பரில், டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' புத்தகத்தின் பிரதியை வெளியீட்டுக்கு முன்பே கிங்ஸ்லிக்கு அனுப்பினார். தாங்களே வளர்ந்து வேறு வடிவங்களாக மாறும் ஆற்றலோடு ஆதி உயிர்களைத் தேவன் படைத்தார் என்று நம்புவதும் அவரைக் குறித்த அதே அளவு உயர்ந்த எண்ணம்தான் என்று கிங்ஸ்லி பதில் எழுதினார். டார்வினுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய் 1860-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வரிகளைச் சேர்த்துக்கொண்டார். உன் கூட வேலை செய்கிறவர்கள் விசுவாசத்துக்கும் பரிணாமத்துக்கும் முதல் நாளிலிருந்தே சண்டை என்று சொன்னால், இந்த ஒரு கடிதத்தை மட்டும் அவர்களுக்குச் சொல். 1879-ல் ஒருவர் டார்வினிடமே கேட்டார். ஒரு மனிதன் தீவிர ஆஸ்திகனாகவும் பரிணாமத்தை ஏற்பவனாகவும் இருக்க முடியுமா என்று சந்தேகப்படுவதே அபத்தம் என்று பதில் எழுதினார். கிங்ஸ்லியையும், அமெரிக்காவில் தனக்காக வாதாடிய பிரெஸ்பிட்டேரியன் தாவரவியலாளர் ஏசா கிரேயையும்தான் உதாரணம் காட்டினார்.

அந்த முகாமில் நீ கேட்டதுதான் ஆதி சபையின் உபதேசம், நான் சொல்வது இப்போது வந்த சமரசம் என்று உனக்குத் தோன்றலாம். உண்மை அவ்வளவு நேராக இல்லை, ஆதி சபையிலேயே வேறு விதமாகப் படித்தவர்கள் உண்டு. சூரியன் நாலாம் நாள்தானே வருகிறது, அதற்கு முன் மூன்று நாள் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற சபை அறிஞர் கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டின் ஆதியாகமத்துக்கு விளக்கம் எழுதியபோது, அந்த நாட்களை நம்முடைய நாட்களைப் போல எண்ணக் கூடாது என்றார். வானத்தையும் பூமியையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு அவிசுவாசிக்கு முன்னால் ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி உளறினால், அவன் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சொல்வதை மட்டும் அவர்கள் எப்படி நம்புவார்கள் என்று கடிந்தும் எழுதினார். பூமிக்கு ஏறக்குறைய ஆறாயிரம் வருடம் என்ற எண்ணம் பழையதுதான், ஆனால் அதைக் கி.மு. 4004 என்று கணக்குப் போட்டு 1650-ல் வெளியிட்டவர் அயர்லாந்தின் பேராயர் அஷர். அந்த இளம்பூமிக் கொள்கை இன்று இவ்வளவு பரவியிருப்பதற்கு 1961-ல் அமெரிக்காவில் இருவர் சேர்ந்து எழுதிய ஒரு புத்தகமே பெரிய காரணம். அங்கிருந்துதான் நம் கன்வென்ஷன் மேடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

ஆதியாகமத்தையே எடுத்துப் படித்துப் பார். முதல் அதிகாரத்தில் மரம் செடி, பிறகு மிருகங்கள், கடைசியில் மனிதன். இரண்டாம் அதிகாரத்தில் மனிதனை உருவாக்கிய பிறகுதான் தோட்டம், மிருகங்கள் எல்லாம் சொல்லப்படுகின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருந்திருக்குமா? அட்டவணை போடுவது அவர்கள் நோக்கம் என்றால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள். யாரால் உண்டானோம், யாருக்கு முன் பொறுப்பாளிகள், ஏன் இப்படி ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறோம், இதைத்தான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வேதத்தைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று நினைத்துவிடாதே. எதற்காக அது எழுதப்பட்டதோ அதை அதனிடம் கேட்கிறேன், அவ்வளவுதான்.

"இயற்கைத் தேர்வே எல்லாவற்றையும் செய்துவிட்டால் தேவனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறாய். நீ என் வயிற்றில் இருந்தபோது நான் கருவியலும் நடத்திக்கொண்டிருந்தேன். கரு வளரும் படிகளை மோருலா, பிளாஸ்டுலா, காஸ்ட்ருலா என்று படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லுவேன். வீட்டுக்கு வந்து நூற்று முப்பத்தொன்பதாம் சங்கீதம் வாசிப்பேன், "என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்." உன்னைத் தேவன் உண்டாக்கினாரா, செல் பிரிதல் உண்டாக்கியதா என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை. ஒன்பது மாதம் மெதுவாக, ஒவ்வொரு படியாக, விளக்கிச் சொல்லக்கூடிய விதத்தில் நீ உருவானாய். அவர் உண்டாக்கினார் என்பதற்காகத்தான் ஸ்தோத்திரம் செய்தேன். ஒன்பது மாதத்துக்கு இது சரி என்றால் முந்நூற்றைம்பது கோடி வருடத்துக்கு மட்டும் ஏன் சரியில்லை? விளக்கம் கிடைக்காத இடைவெளியில் மட்டும் தேவனை உட்காரவைத்தால், ஒவ்வொரு கண்டுபிடிப்பும் அவரை வெளியே தள்ளும். நாம் விசுவாசிக்கிறவர் அப்படி ஒளிந்து வாழ்கிறவர் இல்லை. தற்செயல் என்ற சொல்லுக்கும் நீ இவ்வளவு மிரள வேண்டாம். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்" என்று நீதிமொழிகளில் இருக்கிறது. சீட்டு விழுவது நமக்குத் தற்செயல். அது அவருடைய கைக்கு வெளியே விழுகிறது என்று அர்த்தம் இல்லை.

இதுவரை சொன்னது சுலபமான பாகம். அடுத்தது ஆதாம்.

இதில் சுலபமான பதில் இருப்பதுபோல நடிக்க மாட்டேன். மனிதரிடையே இப்போது இருக்கிற மரபணு வேறுபாட்டை வைத்துப் பார்த்தால், நவீன மனிதர் தோன்றிய காலத்திலிருந்து நம் முன்னோர் ஒரே ஒரு ஜோடியாகக் குறைந்திருக்க முடியாது என்கிறார்கள், நீயும் அதையே எழுதியிருக்கிறாய். உனக்குப் பக்கத்தில் ஜெர்மனியின் லைப்சிக்கில் ஸ்வாண்டே பேபோவின் குழு 2010-ல், அழிந்துபோன பழைய மனித வகையான நியாண்டர்தாலின் மரபணுத்தொகுதியைப் படித்து வெளியிட்டது, அவருக்கு 2022-ல் நோபல் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இருக்கிற எல்லோர் உடம்பிலும் சுமார் 2 சதவீதம் நியாண்டர்தால் பங்கு உண்டு, உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான். அப்படியானால் ரோமர் ஐந்தாம் அதிகாரத்தில் "ஒரே மனுஷனாலே" என்று பவுல் சொல்வதை என்ன செய்வது? ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட், சுவிசேஷ ஊழியர்கள் எல்லோரும் மதிக்கிற ஆள், ஏற்கெனவே இருந்த மனித இனத்தில் தேவன் தம்முடைய சாயலைக் கொடுத்து அழைத்த முதல் ஆள்தான் ஆதாம் என்று ஒரு வழி சொன்னார். கத்தோலிக்க சபையில் 1950-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் மனித உடல் எப்படி வந்தது என்று ஆராய அனுமதித்தார், ஆனால் ஒரே முதல் பெற்றோர் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. 1996-ல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். இன்னும் சிலருக்கு ஆதாம் என்பது நாம் எல்லோரும்தான்.

எனக்கு ஸ்டாட் சொன்ன பக்கமே மனம் போகிறது. ஆபிரகாமை ஒரு கூட்டத்துக்குள்ளிருந்து அழைத்தவர் அதற்கு முன்பும் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் என் விசுவாசம் அதில் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பாவம் எப்படி நுழைந்தது என்பதில் எனக்கு எத்தனை கேள்வி இருந்தாலும், அது நுழைந்துவிட்டது என்பதற்குச் சாட்சி தேட நான் ஏதேனுக்குப் போக வேண்டியதில்லை. நம் ஊரில் ஒரே திருவிருந்து மேசைக்கு வருகிறவர்கள் கல்யாணம் என்றதும் சாதி கேட்கிறார்களே, அது போதும்.

பெரிய சிக்கல் என்று சொன்னேனே, அது வலி. "இத்தனை கோடி வருடம் இத்தனை சாவு" என்று ஒரு வரி எழுதிவிட்டு நீ அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

உன் பெரியம்மா நீலகிரிக் கூடலூரில் நர்ஸாக இருந்தபோது லீவுக்கு அங்கே போவோம், உனக்கு ஞாபகம் இருக்கும். உன்னைக் கூட்டிக்கொண்டு போகாத ஒரு நாள், வார்டில் பணியர் என்ற பழங்குடி வீட்டுப் பையன் ஒருவனைப் பார்த்தேன். எட்டு ஒன்பது வயது இருக்கும். சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்த நோய். கையையும் காலையும் மடக்கிப் பக்கவாட்டில் படுத்திருந்தான். எலும்புக்குள் வலி. தொட்டால் கத்துவான் என்று அவன் அம்மா தொடாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியம்மா அவனுடைய இரத்த ஸ்லைடை மைக்ராஸ்கோப்பில் காட்டினாள். வட்டமான செல்களுக்கு நடுவே நீளமாக, வளைந்து, இரண்டு நுனியும் கூராக, நான் புத்தகத்தில் வரைந்து காட்டுகிற அதே கதிர் அரிவாள். அத்தனை வருடம் நான் நடத்திய பாடம் அது. இரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பாகமான பீட்டா குளோபினில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின், ஒரே ஒரு எழுத்து மாற்றம், ஐந்து மார்க் கேள்வி.

நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இது இருப்பதை 1952-ல் லேமானும் கட்புஷும் கண்டறிந்து எழுதினார்கள். இது ஏன் அழியாமல் நிலைத்தது என்று 1954-ல் ஆலிசன் என்ற ஆய்வாளர் ஆப்பிரிக்காவில் காட்டினார். அந்த மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இரண்டு பிரதி வந்துவிட்டால் இந்த நோய். தாய் தகப்பன் இருவருக்கும் ஒவ்வொரு பிரதி இருந்தால் பிறக்கும் பிள்ளைகளில் நாலில் ஒன்றுக்கு இது வரலாம். அதாவது மலேரியாக் காட்டில் ஒரு ஜனம் பிழைத்ததற்கு இந்தப் பையன் விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "அது மிகவும் நன்றாயிருந்தது" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டார்வினும் இங்கேதான் தவித்தார். 1851-ல் அவருடைய மகள் ஆனி பத்து வயதில் இறந்தாள். 1860-ல் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கிற புழுவின் உடம்புக்குள்ளிருந்து தின்று வளரும் குளவிகளை நல்லவரும் வல்லவருமான தேவன் வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னை நம்பவைத்துக்கொள்ள முடியவில்லை என்றார். நாத்திகனாக எழுதவேண்டும் என்ற எண்ணம் தனக்கு இல்லை என்றும் அதே கடிதத்தில் சொல்லுகிறார். அந்த மனிதரைப் பற்றி நம் மேடைகளில் கேலி பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். பிள்ளையைப் புதைத்த தகப்பன் அவர்.

பூமிக்கு ஆறாயிரம் வருடம்தான் என்று வைத்துக்கொண்டாலும் இந்தப் பையனின் வலி ஒரு துளி குறையாது. ஆதாம் பழத்தைத் தின்றதால் இவனுக்கு எலும்பு வலிக்கிறது என்று அந்தத் தாயிடம் போய் நான் சொல்ல மாட்டேன். அதேபோல, தேவன் இல்லை, இது வெறும் எழுத்துப் பிழை என்று சொன்னாலும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு நிற்க இடம் கிடைப்பதில்லை. இது அநியாயம் என்று என் உள்ளுக்குள் ஒன்று கத்தியது. அநியாயம் என்று சொல்ல நியாயம் என்று ஒன்று இருக்க வேண்டும்.

பவுல் ரோமர் எட்டில் "சர்வசிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்கிறார். அவருக்கு டிஎன்ஏ தெரியாது. ஆனால் உலகம் முடிந்துபோன, பளபளப்பான படைப்பு என்று அவர் எழுதவில்லை. இன்னும் பிறந்து முடியவில்லை என்கிறார். பிரசவ வேதனை என்னவென்று எனக்குத் தெரியும். அது வீண் வலி இல்லை, ஆனாலும் வலிதான். அந்த வசனம் எனக்குப் பதில் தந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த வார்டில் நிற்கும்போது கையில் பிடித்துக்கொள்ள அதுதான் இருந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாசிக்கிறோம். எந்த மாம்சம்? மனிதருக்கு இருக்கிற ஒரே மாம்சம் இதுதான், நீ தினமும் கம்ப்யூட்டரில் வரிசைப்படுத்துகிற இதே மாம்சம். மரியாளிடமிருந்து அவர் எடுத்துக்கொண்ட உடம்பில் இரண்டாம் குரோமோசோமின் நடுவில் அந்தத் தழும்பு இருந்தது. வைட்டமின் சி மரபணு அவருக்கும் உடைந்துதான் இருந்தது. நாசரேத்தில் பழம் கிடைக்காவிட்டால் அவர் ஈறும் வீங்கியிருக்கும். "எவ்விதத்திலும் தம்முடைய சகோதரருக்கு ஒப்பாகவேண்டியதாயிருந்தது" என்று எபிரெயர் நிருபம் சொல்கிறது. எவ்விதத்திலும் என்றால் இதுவும் சேர்த்துத்தானே? முந்நூற்றைம்பது கோடி வருடமாகப் பசித்து, பயந்து, செத்து வந்த இந்த வம்சத்தை அவர் தூரத்தில் நின்று நடத்தவில்லை. அதற்குள் பிறந்து, அதன் இரத்தத்தையே தமக்கு எடுத்துக்கொண்டு, அதைச் சிலுவையில் சிந்தினார். ஏன் இவ்வளவு வலியான வழி என்று எனக்கு விளங்காவிட்டாலும், அந்த வழியில் அவர் நடக்காத பாகம் இல்லை என்பதால் அவரை விட்டுப் போக என்னால் முடியவில்லை.

உன்னுடைய விஞ்ஞானம் எனக்கு இதைக் கெடுக்கவில்லை, மக்கா. சின்ன வயதில் மனித அவதாரம் என்றால் ஒரு தூய வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் இறங்கி வந்ததுபோலத்தான் மனதில் இருந்தது. மரபியல் படித்த பிறகுதான் அவர் எவ்வளவு தாழ இறங்கினார் என்று புரிந்தது.

இன்னொரு விஷயம், எழுதாமல் விட மனமில்லை. நீ சென்னை ஏர்போர்ட்டில் இறங்குகிறாயே, பக்கத்திலேயே பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் அங்கே சரளைக் குழியில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் மனிதன் எவ்வளவு பழையவன் என்ற கேள்வியே அங்கிருந்துதான் தொடங்கியது. அதே வருடம் அவர் தேடிய அத்திரம்பாக்கத்தில் இருக்கிற கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருடம் என்று 2011-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு உட்கார்ந்து வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த பீட்டர் பெர்சிவல் ஐயர். மாமனார் தமிழ் வேதாகமம், மருமகன் கற்கோடரி. ஒரே குடும்பம். அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டார்களோ, எனக்குக் கேட்க ஆசையாக இருக்கிறது.

திருவிருந்தைப் பற்றி. போ என்று நான் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன், நீ முப்பதை நெருங்குகிற ஆள். ஒன்று மட்டும் கேட்கிறேன். எல்லாம் விளங்கிய பிறகுதான் மேசைக்கு வர வேண்டும் என்று அந்த மேசையில் எழுதியில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கத்தின தகப்பனை அவர் திருப்பி அனுப்பவில்லை. உன் சந்தேகத்தை வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போகாதே, உள்ளே கொண்டுபோ. அங்கே உன் கூட வேலை செய்கிறவர்களிடமும் உன் விசுவாசத்தை ஒளிக்காதே. பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்த்தால்தான் உயிரியலில் எதுவும் பொருள்படும் என்று 1973-ல் எழுதிய டாப்ஷான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், அதே கட்டுரையில் தன்னைப் படைப்பையும் பரிணாமத்தையும் சேர்த்து ஏற்பவன் என்று சொல்லிக்கொண்டார். மனித மரபணுத்தொகுதித் திட்டத்தை நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் முதலில் நாத்திகராக இருந்து பிறகு விசுவாசத்துக்கு வந்தவர். நீ தனி ஆள் இல்லை.

அக்கா பிள்ளை போன வாரம் ஓய்வுநாள் பள்ளியிலிருந்து வந்து, "டைனோசர் எல்லாம் நோவா பேழையில் இடம் இல்லாமல் செத்துப்போச்சா பாட்டி?" என்று கேட்டாள். டீச்சர் அப்படிச் சொன்னாளாம். அந்தப் பிள்ளையும் இருபது வயதில் உன்னைப் போல ஒரு மெயில் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். அதனால் போதகரிடம் போய்ப் பேசினேன். வாலிபர் ஐக்கியத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் வைக்கலாம், யாராவது தெரிந்தவர்கள் வந்து பேசினால் நல்லது என்றார். ஆதியாகமத்தை அவர் எடுத்துக்கொள்கிறார். உன் பெயரை நான் சொல்லிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ வருவதாக இருந்தால் அதற்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் வைக்கலாம். இரண்டாம் குரோமோசோமையும் வைட்டமின் சி மரபணுவையும் நீ காட்டு. தமிழில் பேசு, பாதிப் பேர் பிளஸ் ஒன் பிள்ளைகள். உனக்கு எங்கே விசுவாசம் தடுமாறுகிறதோ அதையும் மறைக்காமல் சொல், போதகருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. யாராவது பெரியவர் எழுந்து கோபமாகக் கேட்பார், அதற்கு அப்பாவும் நானும் முன் வரிசையில் இருப்போம். முடியுமா முடியாதா என்று இந்த மாதக் கடைசிக்குள் எழுது, நோட்டீஸில் போட வேண்டும்.

அன்புடன்,
அம்மா